பரோக் ஜாடி வரைவோம்: பாதி போதும்

பரோக் என்பது 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆடம்பரமான கலைப்பாணி. பென்சிலை எடுக்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஜாடி யாரைப் பற்றிப் பேசப்போகிறது? பிரான்சின் வெர்சாய் அரண்மனையின் தோட்டத்து மேடையில் 1680-களில் செதுக்கிய இரண்டு பளிங்கு ஜாடிகள் நிற்கின்றன. இரண்டும் இணை. ஆனால் சிற்பி குவாஸ்வோ செதுக்கியது போரைச் சொல்கிறது. சிற்பி துபி செதுக்கியது சமாதானத்தைச் சொல்கிறது. பேசுவதெல்லாம் வயிற்றைச் சுற்றியுள்ள சிற்பங்கள்தான்.

நாம் மதுக்கடவுள் பாக்கஸை எடுத்துக்கொள்வோம். புதிதாகப் பழகுபவர்களுக்கு அவர் வசதியானவர்: எவ்வளவு கோணலாக வந்தாலும் திராட்சைக்கொடி திராட்சைக்கொடிதான்.

படி 1: தாளின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. அதை 6 சம பாகமாக்குங்கள். கீழிருந்து ஒன்று பாதம், மூன்று வயிறு, ஒன்றரை கழுத்து, மீதி விளிம்பு. இது என் கணக்கு, மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: 4பி போன்ற மென்மையான பென்சிலால் இடது பாதியை மட்டும் வரையுங்கள். கோடு பாதத்தில் ஒடுங்கி, வயிற்றில் உப்பி, கழுத்தில் மீண்டும் ஒடுங்கி, விளிம்பில் வெளியே சாய வேண்டும். வயிற்றின் அகலமான இடம் நடுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். கீழே இறங்கினால் ஜாடி தொந்தி போட்டுவிடும்.

படி 3: சின்னங்கள். அவசரப்படாதீர்கள். முதலில் பக்கத்தில் ஒரு கைப்பிடி வரையுங்கள். அது வயிற்றைத் தொடும் இடத்தில் பாக்கஸின் தோழனான சாட்டிரின் தலை. கூரிய காது, சிறு கொம்பு, குறும்புச் சிரிப்பு. கழுத்தில் திராட்சைக்கொடி. வயிற்றின் அடியில் மேல்நோக்கி விரியும் அகாந்தஸ் இலைகள் (விளிம்பு ஆழமாக வெட்டுப்பட்ட பெரிய இலைகள்). இந்த இலைக்கு இங்கே பெரிய பொருள் இல்லை. வயிறும் பாதமும் சேரும் இடத்தை அழகாக மறைக்கும்.

வேறு பொருள் வேண்டுமா? வெற்றிக்கு லாரல் மாலை, வலிமைக்குச் சிங்கமுகம், கடலுக்கு டால்பின், சூரிய அரசன் என்று பெயரெடுத்த பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயிக்குச் சூரியகாந்தி. எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் திணித்தால் அது யாருடையது என்றே தெரியாது.

படி 4: தாளை நடுக்கோட்டில் மடித்து, பின்பக்கத்தைக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் வலது பாதி மங்கலாகப் பதியும். இன்னொரு வழியும் உண்டு. அக்கால வரைபடங்கள் சிலவற்றில் இரண்டு பாதியும் வேறு வேறாக இருக்கும்: ஒரே தாளில் இரண்டு யோசனை, காசு கொடுப்பவர் தேர்ந்தெடுத்துக்கொள்வார். எனக்கு இதுவே பிடித்த வழி.

படி 5: பழுப்பு மையால் கோடுகளை உறுதியாக்குங்கள். மை நன்றாகக் காய்ந்தபின், அதே மையில் நீர் கலந்து வலப்புறம் நிழல் பூசுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு மெடிச்சி ஜாடி என்ற பழங்காலப் பளிங்கு ஜாடியை இத்தாலிய ஓவியர் ஸ்டெஃபானோ டெல்லா பெல்லா 1656-இல் காட்டிய அச்சோவியத்தைப் பார்த்து வரையலாம். அதில் மெடிச்சி குடும்பத்துச் சிறுவன் கோசிமோ அமர்ந்து அந்த ஜாடியைத்தான் வரைந்துகொண்டிருக்கிறான்.