போட்டி ஜீப்புக்கு ஆக்சில் வேலை: டயரிலிருந்து உள்ளே போங்கள்

பூப்பாறையிலிருந்து சூரியநெல்லி போகும் வழியில் என் பட்டறை. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏறும் வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அந்த ஜீப்புகளும், போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் கொண்டுவரும் ஜீப்புகளும்தான் ஆண்டு முழுவதும் எங்களுக்குச் சோறு போடுகின்றன. கொஞ்ச காலமாகப் போட்டிக்கு வண்டி கட்டும் தம்பிகளும் வருகிறார்கள். மலேசியாவில் 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுவழி வண்டிப் போட்டி 2014இல் கோவாவுக்கு வந்த பிறகு இந்த ஆர்வம் நன்றாகவே பரவிவிட்டது.

வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, பின்னாடி ஒரு லாக்கர் மட்டும் போட்டுக் கொடுங்க."

லாக்கர் என்றால் ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி பூட்டும் கருவி. போடலாம். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பழைய மஹிந்திரா ஜீப்போ ஜிப்ஸியோ, முன்னும் பின்னும் முழு ஆக்சில் உள்ள வண்டியை மனதில் வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ரேஷியோவை எண்ணிப் பாருங்கள்

பழைய வண்டி என்றால் எத்தனை கை மாறி வந்திருக்கும், யார் எந்தக் கிரவுன் பினியனை (ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடியை) மாட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கிரவுன் ஒரு சுற்று சுற்றப் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் ரேஷியோ. புத்தகத்தை நம்பாமல் எண்ணுங்கள். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். பின் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். கியர் நியூட்ரலில், டூ வீல் டிரைவில் இருக்கட்டும்.

கட்டை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் இழுவையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்பக்கம், அங்கிருந்து ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டான புரப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினால்கூட டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) வழியாக அந்தச் சக்கரம் சுற்றிவிடும், வண்டி நகர்ந்துவிடும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறேன் என்று நம்பி அடியில் படுக்காதீர்கள். ரேஷியோ எண்ணும்போது அதை எப்படியும் விட்டுவிடத்தான் வேண்டும்.

இப்போது டயரிலும் புரப்பல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறு சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆக, கிரவுன் 10 சுற்று. ஷாஃப்ட் 41 சுற்று சுற்றியிருந்தால் ரேஷியோ 4.1. ஹவுசிங்கைத் திறந்திருந்தால் பல்லையே எண்ணலாம்: கிரவுனில் 37, பினியனில் 9 என்றால் 4.11. 43க்கு 8 என்றால் 5.38, பழைய ஜீப் வேலை தெரிந்த எந்தப் பட்டறையிலும் கேட்கும் எண் அது.

முன் ஆக்சிலிலும் இதையே செய்யுங்கள். முன்னும் பின்னும் ரேஷியோ ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சேற்றில் தெரியாது. பிடிப்பான பாறையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

டயருக்கு ஏற்ற ரேஷியோ

கணக்கு எளிது. பழைய ரேஷியோவைப் புதிய டயரின் உயரத்தால் பெருக்கி, பழைய டயரின் உயரத்தால் வகுக்க வேண்டும். 28 அங்குலத்திலிருந்து 33 அங்குலத்துக்குப் போகிறீர்கள், இருப்பது 4.11 என்றால் 4.84 வருகிறது. அதற்குப் பக்கத்தில் கிடைப்பது 4.88. அதைப் போட்டால்தான் வண்டி பழைய இழுவைக்குத் திரும்பும்.

அப்புறம் கிரால் ரேஷியோ. முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ, ஆக்சில் மூன்றையும் பெருக்குங்கள். முதல் கியர் 4, லோ 2.46, ஆக்சில் 4.88 என்றால் 48. எஞ்சின் 48 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு சுற்று. பாறை ஏற இது நல்ல எண். சேற்றில் சக்கரம் வேகமாகச் சுற்றிச் சேற்றை உதற வேண்டும் என்பதால் இன்னும் கூட்ட அவசரப்படாதீர்கள்.

ஷாஃப்ட் ஏன் முறிகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் செலவு செய்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் போட்டி வண்டிக்கு 33 டயர் போட்டு, பின் டிஃபரன்ஷியலை வெல்டு வைத்துப் பூட்டினேன். ஆக்சில் ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) மட்டும் வண்டியோடு வந்த பழையது. மழை பெய்த ஒரு மேட்டில் இடது சக்கரம் தூக்கிக்கொண்டது, வலது சக்கரம் பாறையில் கவ்வியது. அந்த நொடியில் ஷாஃப்ட் பேரிங்குக்கு வெளியே முறிந்து, சக்கரம் தனியாகக் கழன்று சரிவில் உருண்டது. கீழே ஆள் இல்லாதது பெரிய பாக்கியம்.

எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வையுங்கள். 48ஆல் பெருக்கினால் 9,600. இவ்வளவும் ஷாஃப்டுக்குப் போவதில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். டயர் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு முறுக்குதான் ஷாஃப்டில் ஏறும். ஒரு சக்கரத்தில் 700 கிலோ எடை, உலர்ந்த பாறையில் முழுப் பிடிப்பு என்றால் 28 அங்குல டயரில் ஏறக்குறைய 2,450. 33 அங்குலத்தில் 2,900. எஞ்சினைத் தொடாமலே ஷாஃப்டின் பாரம் கூடிவிட்டது.

சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் மறுசக்கரத்துக்கும் ஒன்றும் போகாது. வண்டி நின்றுவிடும், ஷாஃப்ட் பிழைத்துக்கொள்ளும். லாக்கர் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதனால்தான் டயர் முடிவானதும் ஷாஃப்ட், அதற்குப் பிறகு லாக்கர் என்கிறேன்.

லேத்தில் ஷாஃப்ட் கடைவதானால் ஈ.என்.24 என்ற அலாய் ஸ்டீல் கம்பி கேளுங்கள். கடைந்தால் மட்டும் போதாது, முறையாக ஹீட் ட்ரீட்மெண்ட் ஆக வேண்டும். ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) தொடங்கும் இடத்தில் கூர்மையான வெட்டு இருக்கக் கூடாது. முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். முடிந்தால் பின் ஆக்சிலை ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்குங்கள். அதில் எடையை ஹப் தாங்கும், ஷாஃப்ட் முறுக்கை மட்டும் தாங்கும். முறிந்தாலும் சக்கரம் இடத்தில் இருக்கும், ஷாஃப்டை உருவிவிட்டு மெதுவாக வெளியே வரலாம். பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் இதற்குப் போடுங்கள் என்பது என் கருத்து.

ஷாஃப்டைப் பலமாக்கினால் அடுத்து யூ ஜாயிண்ட் கிராஸ் (மடங்கும் இணைப்பின் சிலுவைத் துண்டு), அதற்கடுத்து கிரவுன் பினியன் என்று உடையும் இடம் நகர்ந்துகொண்டே போகும். எது முதலில் உடைய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குப் புரப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் உடைந்தால் சம்மதம். காட்டுக்குள் அரைமணியில் மாற்றிவிடலாம். கிரவுன் பல் போனால் அன்றைய போட்டி முடிந்தது.

லாக்கர்

வெல்டு வைப்பது மலிவு. ஆனால் எப்போதும் பூட்டியே இருக்கும், திருப்பத்தில் டயரையும் ஷாஃப்டையும் தின்னும். போட்டிக்கு மட்டும் ஓடும் வண்டியின் பின் ஆக்சில் என்றால் ஏற்கலாம், முன் ஆக்சிலில் வேண்டவே வேண்டாம். 2015 மஹிந்திரா தாரின் பின் ஆக்சிலில் கம்பெனியே போட்ட மெக்கானிக்கல் லாக்கர், இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் தானாகப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. போன்ற ஏர் லாக்கரில் சுவிட்ச் உங்கள் கையில். விலை அதிகம், முன் ஆக்சிலுக்கு அதுதான் நல்லது.

முன் லாக்கர் போட்டவர்கள் ஒன்றைப் பழக வேண்டும்: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ஜாயிண்ட் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு பலம் குறைகிறது. ஜிப்ஸியின் நக்கிளுக்குள் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) இருக்கும் சி.வி. ஜாயிண்ட் சிதறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கிரவுன் பினியன் செட்டிங்

முதல் தடவை இதைத் தனியாகச் செய்யாதீர்கள். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பினியனின் ஆழம், பேரிங்கின் இறுக்கம், பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள பிளே, பல் பதிவு என்று நான்கும் சரியாக வர வேண்டும். பிளேயை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும், கை உணர்வு போதாது. இந்த அளவு ஆக்சிலுக்குப் பெரும்பாலும் 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர். உங்கள் ஆக்சிலின் மேனுவலில் வேறு இருந்தால் அதுவே சரி.

பல்லில் புளூ (பதிவைக் காட்டும் சாயம்) தடவிச் சுற்றிப் பாருங்கள். பதிவு பல்லின் நடுவில் விழ வேண்டும். பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, நுனியில் விழுந்தால் போதுமான அளவு போகவில்லை. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றித் திரும்பப் பாருங்கள். ஐந்து ஆறு முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அதுதான் இந்த வேலை.

புதுக் கிரவுனை முதல் 30 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஜி.எல்.5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது அதைவிடக் கெட்டியானது.

ஹவுசிங், புரப்பல்லர் ஷாஃப்ட், பிரீதர்

ஹவுசிங்குக்கு மேல் பட்டை வைத்து வெல்டு செய்யும்போது ஒரே இடத்தில் நீளமாக இழுக்காதீர்கள். இங்கே ஓர் அங்குலம், எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றி வைத்து ஆறவிடுங்கள். சூட்டில் குழாய் வளைந்தால் ஷாஃப்டும் சீலும் நிற்காது.

வண்டியை உயர்த்தினால் புரப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடும். இரண்டு முனையிலும் கோணம் ஒரே அளவாக, இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே வரிசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிரும். ஆக்சில் முழுக்கத் தொங்கும்போதும் ஸ்லிப் ஸ்ப்ளைன் கழலாத நீளம் இருக்கிறதா என்று ஸ்டாண்டில் வைத்தே பார்த்துவிடுங்கள்.

ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் துளைதான் பிரீதர். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஓடிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும், சீல் வழியாகவும் பிரீதர் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். ரப்பர் குழாய் ஒன்றைப் பிரீதரில் மாட்டி, எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டுங்கள். இடுக்கி மழையில் ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, அன்றே மாற்றுங்கள்.

ரோட்டில் ஓட்ட முடியாது

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கிலேயே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. போட்டி வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

போட்டி முடிந்து வந்ததும்

புது ஷாஃப்டை மாட்டும் முன் அதன் நீளத்துக்கு நேராக ஒரு வெள்ளை பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் ஷாஃப்டை உருவி அந்தக் கோட்டைப் பாருங்கள். நேராக இருந்தால் துடைத்து மாட்டலாம். லேசாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் ஷாஃப்ட் முறுக்கிவிட்டது. அடுத்த மேட்டில் அது முறியும், இப்போதே வேறு மாட்டுங்கள்.