இதய நலனுக்குத் திராட்சையை உண்ணும் முறை

கிருஷ்ணகிரிச் சந்தையில் விதையில்லாப் பச்சைத் திராட்சையும் கறுத்த பன்னீர்த் திராட்சையும் அருகருகே இருந்தால், இதயத்தை எண்ணி வாங்குவோர் கறுப்பையே எடுக்கலாம். அந்த நிறத்தைத் தரும் ஆந்தோசயனினும், ரெஸ்வெரட்ராலும் தோலில் இருக்கின்றன. துவர்ப்பான புரோஆந்தோசயனிடின்கள் பெரும்பாலும் விதையில் உள்ளன. பாலிபீனால்கள் எனப்படும் இத்தகைய தாவரச் சேர்மங்கள், இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தளர்வதற்குத் துணைபுரிகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

கொத்திலிருந்து பழங்களைக் காம்போடு கத்தரித்து, உப்பு நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, ஓடும் நீரில் அலசிய பின்பே காம்பை நீக்க வேண்டும். முன்னதாகப் பிய்த்தால் அந்தக் காயத்தின் வழியே அழுக்கு நீர் உள்ளே செல்லும். தோலைத் துப்பாமல், விதையையும் மென்று, ஒரு கைப்பிடி அளவு உண்பது போதும். சாறாக்கி வடிகட்டினால் சக்கையோடு பயனில் ஒரு பகுதியும் போய்விடும். நூறு கிராமில் ஏறத்தாழ 16 கிராம் சர்க்கரை இருப்பதால், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டறிய வேண்டும்.

ஒயினைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கொழுப்பு மிகுந்த உணவை உண்டும் பிரெஞ்சு மக்களிடம் மாரடைப்பு குறைவாக இருந்ததற்கு ஒயின் காரணமாகலாம் என்ற கருத்து 1990களில் பரவியது உண்மைதான். ஆனால் ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ரெஸ்வெரட்ரால் சில மில்லிகிராமே உண்டு; மதுவோ இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. பாதுகாப்பான மது அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

திராட்சை கிடைக்காத மாதங்களில் கவலை வேண்டாம். நம் ஊர்க் கேழ்வரகின் மேல்தோலிலும் பாலிபீனால் உண்டு என்பதால், மாவைச் சலிக்காமல் களி கிண்டலாம்.