குடியை விட உதவும் கூட்டங்கள்: புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

“முதலில் குடியை நிறுத்திவிடுகிறேன், அப்புறம் கூட்டத்துக்குப் போகிறேன்” என்று பலர் சொல்வார்கள். அந்த “அப்புறம்” வருடக்கணக்கில் தள்ளிப்போகும். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. அதன் கூட்டத்துக்கு வர ஒரே ஒரு தகுதிதான் கேட்கிறார்கள்: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. ஏற்கெனவே நிறுத்தியிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஏஏ பிறந்த கதையும் அப்படித்தான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வேலையாகப் போன பில் வில்சன் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் கெட்டுப்போனது, குடிக்கத் தோன்றியது. தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தப்பிப்போம் என்று தேடிப் போய், டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். இந்த இருவரும்தான் ஏஏவைத் தொடங்கினார்கள். பாப் அப்போது குடியை விட்டிருக்கவில்லை. அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏஏ தொடங்கிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். உதவி தேடிப் போனவர் பில். அதனால் நன்மை இருவருக்கும். “நான் போய் அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு” என்று தயங்குகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். புதியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால், பத்து வருடம் குடிக்காமல் இருப்பவருக்கும் அது துணைதான்.

அடுத்தது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வையோடு நிற்காமல் போகலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு மருத்துவர்தான் வேண்டும். கூட்டம் மருத்துவமனைக்கு மாற்றாகாது. அதேபோல, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கூட்டத்தில் யாராவது அறிவுரை கூறினால், எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும் கேட்க வேண்டாம்.

சரி, கூட்டத்தைத் தேடுவது எப்படி? பட்டியலில் இருக்கும் நேரத்தை நம்பிக் கிளம்பி, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் பிறகு போவதே இல்லை. முதல் நாளே போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். “திறந்த கூட்டம்” என்றால் குடும்பத்தார் உட்பட யாரும் வரலாம். “மூடிய கூட்டம்” குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். கட்டணம் கிடையாது. கடைசியில் சிலர் விருப்பப்பட்டுக் காசு போடுவார்கள். புதியவர் போட வேண்டியதில்லை.

ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு “எனக்கு ஒத்துவரவில்லை” என்று முடிவு கட்டுவது மிகவும் வருத்தமான தவறு. ஒவ்வொரு குழுவும் தனித்தன்மை உள்ளது. ஒன்றில் பெரியவர்களே இருப்பார்கள், இன்னொன்றில் இளைஞர்கள். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும் ஆன்லைன் கூட்டங்களும் உண்டு. நான்கைந்து இடங்களாவது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஏஏ கூட்டங்களில் வரும் கடவுள் பேச்சு இடிக்கிறது என்றாலும் பாதை அடைபடவில்லை. கடவுள் என்பது அவரவர் புரிந்துகொண்டபடி என்றுதான் அங்கே சொல்கிறார்கள். அதுவும் ஒப்பவில்லையென்றால், 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி போன்றவை கடவுளைத் தொடாமல் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சிகளோடு நடக்கின்றன.

உள்ளே போனதும் பேசியே ஆக வேண்டும் என்று பயப்படாதீர்கள். “இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்” என்றால் போதும். ஆனால் கூட்டம் முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகிறோம் பாருங்கள், அதுதான் என் கணக்கில் பெரிய தவறு. பத்து நிமிடம் முன்னால் போங்கள், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இரண்டு பேரின் போன் எண்ணாவது வாங்குங்கள், குடிக்காத நாளிலேயே ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால், ராத்திரி பதினொரு மணிக்குக் குடிக்கத் தோன்றும்போது கை போனைத் தேடாது. கூடவே இருந்து வழிகாட்டும் ஸ்பான்சரையும் இப்படிப் பழகித்தான் கண்டுபிடிக்க முடியும். காதலோ கவர்ச்சியோ குறுக்கே வர வாய்ப்பில்லாதவராகப் பாருங்கள். கடன் கேட்பவர், தனியாகச் சந்திக்க வற்புறுத்துபவர் என்று யாராவது இருந்தால், தயங்காமல் விலகிக் குழுவின் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. வந்தவர்களின் பெயரும் அதில் சேர்ந்ததுதான். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது ஒருவரின் வேலையையே பறிக்கலாம்.

இடையில் சறுக்கிக் குடித்துவிட்டால், வெட்கத்தில் போகாமல் இருந்துவிடாதீர்கள். “நேற்று குடித்துவிட்டேன்” என்ற வார்த்தை அந்த அறைக்குப் புதிதல்ல. அங்கே இருக்கும் பலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே போங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கையைப் பிடித்து இழுத்துப் போகாதீர்கள். கூட்டம் முடிந்து வந்தவரிடம் “என்ன சொன்னார்கள், நீ என்ன சொன்னாய்” என்று விசாரிக்காதீர்கள். உங்களுக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற குடும்பத்தாருக்கான அமைப்பு இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸும் சேர்ந்து தொடங்கியது அது. குடிப்பவர் தன் கூட்டத்துக்குப் போக மறுத்தாலும், நீங்கள் உங்கள் கூட்டத்துக்குப் போகலாம்.