மாதாந்திர சுகாதார அறிக்கையின் எண்கள் சரியா? பதிவேட்டை வைத்துப் பார்க்கும் முறை

சுகாதார நிலையத்திலிருந்து மாதாமாதம் மேலே போகும் அறிக்கையை வைத்துத்தான் தடுப்பூசி, மருந்து, பணியாளர் எல்லாம் ஒதுக்கப்படுகின்றன. வளரும் நாடுகள் பலவற்றில் இந்த எண்கள் ஓஸ்லோ பல்கலைக்கழகம் உருவாக்கிய டிஎச்ஐஎஸ்2 மென்பொருளில் ஏறுகின்றன. திரையில் வரைபடம் எவ்வளவு அழகாக வந்தாலும், செவிலியர் கையால் எழுதிய பதிவேட்டோடு அது ஒத்துப்போகாவிட்டால் பயனில்லை. அதைச் சரிபார்க்க ஒரு நிலையத்துக்கு ஏறக்குறைய அரை நாள் ஒதுக்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். முதல்முறை கர்ப்பப் பரிசோதனைக்கு வந்தவர்கள், நிலையத்தில் நடந்த பிரசவங்கள், பெண்டா (ஐந்து நோய்களைத் தடுக்கும் குழந்தைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி) மூன்றாம் தவணை, உறுதியான மலேரியா ஆகிய நான்கும், கடைசி மூன்று மாதங்களும் போதும்.

1. கிளம்பும் முன் அலுவலகத்திலேயே

வந்த அறிக்கைகளை வரவேண்டிய அறிக்கைகளால் வகுத்து 100ஆல் பெருக்கினால் முழுமை விகிதம் கிடைக்கும். மூடிப்போன நிலையம் பட்டியலில் இன்னும் இருந்தால் இந்த விகிதம் வீணாகக் குறையும். அதனால் முதலில் பட்டியலைச் சரிசெய்யுங்கள். வெற்றுக் கட்டத்தையும் பூஜ்யத்தையும் ஒன்றாக எண்ணவே கூடாது. பூஜ்யம் என்றால் யாரும் வரவில்லை, வெற்று என்றால் யாரும் எழுதவில்லை.

2. எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல்

பெண்டா பொதுவாக 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. முதல் தவணையை விட மூன்றாம் தவணை அதிகமாக இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் ஒரே மாதத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்: இந்த மாதம் மூன்றாம் தவணை பெற்ற குழந்தைகள் வேறு, முதல் தவணை பெற்றவர்கள் வேறு. ஆண்டு மொத்தத்திலும் அப்படியே இருந்தால் எண்ணிக்கையில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம்.

மருந்துக் கையிருப்பு இன்னொரு நல்ல சாட்சி. பத்து டோஸ் குப்பிகள் 14 திறக்கப்பட்டிருந்தால் அதிகபட்சம் 140 டோஸ்தான் போட முடியும். அறிக்கை 163 என்றால் ஏதோ ஒன்று தவறு.

வழக்கத்துக்கு மாறாகத் துள்ளும் மாதத்தைக் கண்டுபிடிக்க, சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) தாண்டியதைக் குறிக்கச் சொல்வார்கள். பன்னிரண்டு மாதத் தரவுக்கு இது பலவீனமான கருவி. துள்ளிய எண்ணே திட்டவிலக்கத்தை ஊதிவிடுவதால், எவ்வளவு பெரிய பிழையாக இருந்தாலும் 3.2ஐக்கூடத் தொடாது. இரண்டு திட்டவிலக்கத்தையே எல்லையாக வையுங்கள். ஒரு வரைகோட்டைப் போட்டுக் கண்ணாலும் பாருங்கள்.

3. பதிவேட்டிலிருந்து மறுபடி எண்ணுதல்

முக்கியமான வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். முதலில் மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். சில இடங்களில் 25ஆம் தேதியோடு கணக்கை முடித்துவிடுவார்கள். பிறகு அறிக்கையை மூடி வைத்துவிட்டு, இரண்டு பேர் தனித்தனியாக, பக்கம் பக்கமாக எண்ணி, பக்க மொத்தத்தைத் தனித் தாளில் எழுதுங்கள். அறிக்கையின் எண் முன்கூட்டியே தெரிந்தால், எண்ணுபவரின் கை தானாகவே அந்த எண்ணை நோக்கிப் போகும்.

எண்ணியதை அறிக்கை எண்ணால் வகுங்கள். அறிக்கையில் 58, நீங்கள் எண்ணியது 49 என்றால் 0.84. பொதுவாக 0.90 முதல் 1.10 வரை ஏற்கலாம். அதற்குக் கீழே போனால் மிகையாக அறிவித்திருக்கிறார்கள், மேலே போனால் குறைத்து அறிவித்திருக்கிறார்கள். எண் சிறியதாக இருந்தால் விகிதம் ஏமாற்றும்: ஆறு பிரசவத்தில் ஒன்று விடுபட்டாலே 0.83 வந்துவிடும். மூன்று மாதத்தையும் கூட்டிவிட்டு வகுக்காதீர்கள், ஒரு மாதத்தின் மிகை இன்னொரு மாதத்தின் குறையை மறைத்துவிடும்.

4. பிழை எங்கே நுழைந்தது

பதிவேடு, டேலி ஷீட் (ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டு எண்ணும் தாள்), அறிக்கையின் நகல், கணினியில் ஏறிய எண் என நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். எந்த இரண்டுக்கு நடுவே எண் மாறுகிறதோ அங்கேதான் காரணம் இருக்கிறது.

அடிக்கடி காணும் ஒன்றைச் சொல்கிறோம். முதல் பக்கத்தில் 22 பேர். இரண்டாம் பக்கத்தில் 18 பேர். முந்தைய மொத்தத்தையும் சேர்த்து அடியில் 40 என்று எழுதப்பட்டிருக்கும். மூன்றாம் பக்கத்தில் 9 பேர், அடியில் 49. மாத முடிவில் மூன்று அடிமொத்தங்களையும் கூட்டிவிட்டால் அறிக்கையில் 111 ஏறிவிடும். இதைப் பொய்க்கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. பக்க மொத்தத்துக்கும் தொடர் மொத்தத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுக் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

மறுவருகைக்கு வந்த கர்ப்பிணியைப் புதியவர் என்று எழுதுவது, வெளிமுகாமில் ஊசி போட்ட குழந்தைகள் வேறு நோட்டில் தங்கிவிடுவது, கணினியில் 13ஐ 31 என்று தட்டுவது ஆகியவையும் வழக்கமானவை.

5. திருத்துவதும் சொல்வதும்

பழைய எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். கணினியில் மாற்ற, பொறுப்பு அதிகாரியின் ஒப்புதல் பெறுங்கள். இல்லையென்றால் காகிதம் ஒன்று, கணினி ஒன்று என்று நின்றுவிடும்.

கண்டதைக் கிளம்பும் முன்பே செவிலியரிடம் நேரில் சொல்லுங்கள். திட்டாதீர்கள். ஒரே ஆள் ஏழெட்டுப் பதிவேடு எழுதும் இடத்தில் பிழை வருவது இயல்பு. திட்டினால் அடுத்த மாதம் பதிவேட்டையே அறிக்கைக்கு ஏற்ப எழுதி வைப்பார்கள், அப்புறம் மறு எண்ணிக்கையாலும் எதையும் பிடிக்க முடியாது. அடுத்த முறை போகும்போது, இந்தமுறை பிழை வந்த அதே கணக்கை முதலில் எடுங்கள்.