‘தி மியூசிக் பாக்ஸ்’ குறும்படத்தை ஊன்றிப் பார்க்கும் முறை
நகைச்சுவை இணையரான லாரலும் ஹார்டியும் நடித்து 1932இல் வெளிவந்து, நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற இந்த அரைமணி நேரப் படத்தை முதலில் இடையில் நிறுத்தாமல் பார்த்துவிடுங்கள். பிறகு, லாஸ் ஏஞ்சலிஸில் இன்றும் இருக்கும் அந்த நீண்ட படிக்கட்டில் இருவரும் பியானோப் பெட்டியை ஏற்றும் பகுதிக்குத் திரும்பி, ஒலியை நிறுத்திவிட்டு, கைகளையும் கால்களையும் மட்டும் கவனியுங்கள். குழந்தைத் தள்ளுவண்டியோடு இறங்கிவரும் தாதிக்கு வழிவிடப் பெட்டியிலிருந்து கையை எடுக்கும் அந்த நொடியே முதல் சறுக்கலுக்கு வித்திடுகிறது. மூன்றாம் முறை ஒலியைக் கூட்டி, கண்ணை மூடிக் கேளுங்கள். பெட்டி படிகளில் உருளும்போது உள்ளே பியானோக் கம்பிகள் அதிர்ந்து முழங்குவது, பேசும்படம் புதிதாகப் பெற்றிருந்த வலிமையை உணர்த்தும் (என் கணிப்பில் படத்தின் உயிரே அந்த ஓசைதான்). மேலே வண்டியிலேயே வந்துசேர ஒரு பாதை இருப்பதைத் தபால்காரர் சொன்னதும் பெட்டியை மறுபடி கீழே இறக்குகிறார்களே, அங்கே அவசரப்படாதீர்கள்.