சைக்கோபையில் சத்தம் வரவில்லையா, சொல் தெரியவில்லையா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஊட்டி, குன்னூர் பக்கம் சைக்காலஜி படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட் நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சொல்வது பெரும்பாலும் இதுதான்: "நேத்து ஓடிச்சு, இன்னிக்கு ஓடலை." அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதி வைக்கிறேன். சைக்கோபை என்பது உளவியல் சோதனைகளைக் கணினியில் நடத்தும் மென்பொருள், அதில் நிரல் எழுதாமல் பெட்டிகளை அடுக்கியே சோதனையை அமைக்கும் இடம்தான் பில்டர். விண்டோஸ் லேப்டாப், சைக்கோபை பில்டர் என்று வைத்துக்கொள்வோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சோதனை. திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். ஹெட்ஃபோனில் சில சுற்றுகளில் மார்க்கெட் பேச்சு ஓடும், சில சுற்றுகளில் ஒன்றும் ஓடாது. முடிந்ததும் வந்த வரிசையிலேயே சொற்களை எழுத வேண்டும். 1976இல் கோல், வெல்ஷ் என்ற இருவர், பார்த்த எழுத்துகளை நினைவில் வைக்கச் சொல்லிப் பக்கத்தில் ஜெர்மன் பேச்சை ஓடவிட்டார்கள். அந்த மொழி தெரியாதவர்களுக்கும் நினைவு தடுமாறியது. நீலகிரியில் இதைச் செய்யப் படுக மொழிப் பேச்சைப் பதிவு செய்து வைக்கலாம். ஆனால் தமிழ் பேசுகிறவருக்கு அது புரியாது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அக்கம்பக்கத்தில் கேட்டே பழகியவர்கள் நிறைய. முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: சோதனை இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஒரு நகல் எடுங்கள். இனிக் கைவைப்பதெல்லாம் நகலில்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டை மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது, அடுத்த வாரம் அதே தகராறு திரும்ப வரும்.

அடுத்து, சத்தம். சவுண்ட் பகுதியில் உங்கள் கோப்பின் பெயரை எடுத்துவிட்டு ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ-யை மட்டும் போட்டு ஓட்டுங்கள். சைக்கோபை அதை ஸ்வரமாக எடுத்துக்கொண்டு ஒரு 'பீப்' ஒலிக்கும். அது கேட்டால் ஹெட்ஃபோனும் சவுண்ட் கார்டும் நன்றாக இருக்கின்றன, கோளாறு உங்கள் கோப்பில். கேட்கவில்லை என்றால் கோப்பை நோண்டுவது வீண். பிரௌசர், ஜூம் எல்லாவற்றையும் மூடுங்கள். சைக்கோபை தாமதத்தைக் குறைக்க ஒலிக்கருவியைத் தனக்கென்றே பிடித்துக்கொள்ளப் பார்க்கும், அப்போது இன்னொரு நிரல் அதை வைத்திருந்தால் முரண்டு பிடிக்கும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். ஒலி மில்லிசெகண்ட் நூற்றுக்கணக்கில் பின்தங்கி வரும், அந்தத் தாமதமும் ஒரே அளவில் இருக்காது. வயர் உள்ளதே போதும்.

கோப்பில்தான் கோளாறு என்றால் பெரும்பாலும் கதை இதுதான்: போனில் பதிவு செய்திருப்பார்கள், அது எம்4ஏ வடிவில் இருக்கும், பெயரின் கடைசியை மட்டும் 'வேவ்' என்று மாற்றியிருப்பார்கள். பெயர் மாறினால் உள்ளே இருப்பது மாறாது. ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் திறந்து வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எம்4ஏ திறக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலையும் சேர்க்க வேண்டியிருக்கும். எல்லாக் கோப்புகளுக்கும் சாம்பிள் ரேட், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்திருக்கிறது என்ற எண், ஒன்றாக இருக்கட்டும். ஒன்று 44100, இன்னொன்று 48000 என்று கலந்து வைத்தால் சில கணினிகளில் பாதியில் நின்றுவிடும்.

30 விநாடி ஒலி ஒரே விநாடியில் நின்றுவிடுகிறதா? கோப்பைக் குறை சொல்லாதீர்கள். சவுண்ட் பகுதியில் 'ஸ்டாப்' கட்டத்தில் 1.0 என்று தானாகவே இருக்கும். அதை அழித்துக் காலியாக விட்டால் ஒலி முழுவதும் ஓடும்.

இனிச் சொற்பட்டியல், அதாவது 'வேர்ட்' (word) என்ற தலைப்பின் கீழ் ஒரு பத்தியில் (காலம்) சொற்களை அடுக்கி வைத்த எக்செல் கோப்பு. இங்கேதான் தமிழில் செய்கிறவர்களுக்குக் கூடுதல் வேலை.

திரையில் உங்கள் சொற்களுக்குப் பதில் 'வேர்ட்' என்றே ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தால், டெக்ஸ்ட் கட்டத்தில் பத்தியின் பெயருக்கு முன்னால் டாலர் குறி போட மறந்திருக்கிறீர்கள். டாலர் இருந்தும் 'அந்தப் பெயரில் எதுவும் இல்லை' என்ற பிழை வந்தால் பக்கத்துப் பெட்டியைப் பாருங்கள்: 'கான்ஸ்டன்ட்' என்று இருக்கும், அதை 'செட் எவ்ரி ரிப்பீட்' ஆக்குங்கள். அதற்கும் அடங்கவில்லையா? எக்செலில் பத்தித் தலைப்பின் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது.

சொற்கள் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். ஃபான்ட் கட்டத்தில் நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கொடுங்கள். கேள்விக்குறிகளாக வந்தால் எக்செல் பட்டியலைச் சாதாரண சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) சேமித்திருக்கிறீர்கள். அந்தக் கோப்பிலிருந்து சொற்களை இனி மீட்க முடியாது. மூலப் பட்டியலிலிருந்து 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' ஆகச் சேமியுங்கள், இல்லையென்றால் எக்செல் கோப்பையே நேராகக் கொடுங்கள். பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு) அடித்த பட்டியல் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் 'கெ', 'கொ' மாதிரி எழுத்துகளில் கொம்பு தனியே ஒதுங்கி நின்றால் மல்லுக்கட்டாமல் ஒவ்வொரு சொல்லையும் படமாக்கி இமேஜ் பகுதியில் காட்டிவிடுங்கள். அழகான வழியில்லை, ஆனால் எந்தக் கணினியிலும் மாறாது.

பிழைச்செய்தி வந்தால் சந்தோஷப்படுங்கள். வாய் திறக்காமல் தப்பாக ஓடும் சோதனைதான் ஆபத்து. சொல் நீளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல்களை ஒரே நீளமாக வைக்க எக்செலின் 'லென்' கட்டளையைப் போடுவார்கள். 'கொடைக்கானல்' என்று எண்ணச் சொன்னால் அது 11 என்று சொல்லும். நமக்குக் கொ, டை, க், கா, ன, ல் என்று ஆறுதான். துணைக்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அந்த எண்ணை நம்பிப் பிரித்த பட்டியல்கள் சமமாக இருக்காது, கையால் எண்ணுங்கள்.

இதே சொல்லில் இன்னொன்றும் இருக்கிறது. 'கொ'வின் ஒகரக்குறியை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் அடிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, சைக்கோபை இயங்கும் நிரல்மொழியான பைத்தானுக்கு இரண்டும் வேறு. பங்கேற்பாளர் சரியாக எழுதிய விடைக்கும் பைத்தான் நிரல் 'தவறு' போட்டுவிடும். ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றினால் சரியாகிவிடும். என்னைக் கேட்டால் விடையைக் காகிதத்தில் எழுதச் சொல்லி நீங்களே திருத்துவது மேல்.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு சட்டத்துக்கு (ஃப்ரேம்) 16.7 மில்லிசெகண்ட் எடுக்கும், அதற்கு நடுவில் புதிதாக எதையும் காட்டாது. கரண்ட் போய் லேப்டாப் பேட்டரி சேமிப்பு முறைக்கு மாறினால் சட்டங்கள் தவறலாம், பவர் அமைப்பை முன்பே பார்த்து வையுங்கள்.

அப்புறம், ஆட்களை உட்காரவைக்கும் முன் நீங்களே ஒரு முறை முழுதாகச் செய்து, டேட்டா ஃபோல்டரில் உள்ள சிஎஸ்வியைத் திறந்து பாருங்கள். எந்தச் சொல்லோடு எந்த ஒலி ஓடியது என்பது வரிக்கு வரி இருக்க வேண்டும்.

கடைசியாக அறை. தகரக் கூரைக்குக் கீழே ஜூலை மழையில் 'அமைதி' சுற்று என்று ஒன்று கிடையாது. சீரான இரைச்சல் பேச்சளவுக்கு நினைவைக் கெடுப்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் இங்கே மழை எங்கே சீராகப் பெய்கிறது? வலுத்துப் பெய்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பாதியில் பிடித்துக்கொண்டால் அந்தச் சுற்றுக்கு எதிரே நேரத்தோடு 'மழை' என்று எழுதி வையுங்கள், கணக்குப் போடும்போது அதைச் சேர்ப்பதா விடுவதா என்று முடிவெடுக்க உதவும்.