ஆட்டக் கோட்பாட்டைச் சுற்றுலாவுக்குப் பொருத்தும்போது எங்கே சறுக்குகிறது?

ஒருவருக்குக் கிடைப்பது மற்றவர் செய்வதையும் பொறுத்திருக்கும்போது யார் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கணக்குப் பார்ப்பதுதான் ஆட்டக் கோட்பாடு. ஒரு சுற்றுலாத் தலத்தில் குப்பை சேர்ந்தால் போதும், அது கொஞ்சம் தெரிந்தவர்கள் "இது கைதிகளின் இக்கட்டு" என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அதாவது, ஆளாளுக்குத் தன் லாபத்தைப் பார்க்கப்போய் எல்லோருக்கும் நட்டமாக முடியும் ஆட்டம். யாருக்கு என்ன கிடைக்கிறது என்று எண்ணாக எழுதிப் பார்ப்பதற்கு முன்பே பெயர் வைப்பதுதான் முதல் தவறு. பெயர் தப்பினால் மருந்தும் தப்பும்.

தரங்கம்பாடி கோட்டைப் பக்கம் இரண்டு டீக்கடைகள் என்று வைத்துக்கொள்வோம். கையில் உள்ள வழி இரண்டு: கண்ணாடி டம்ளர், அல்லது 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கும் பிளாஸ்டிக் கப். இனி வரும் எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. இருவரும் டம்ளர் வைத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய் நிற்கும். இருவரும் கப் என்றால் கரை நாறி, கூட்டம் சீக்கிரம் கலைந்து, 450. ஒருவர் மட்டும் கப் கொடுத்தால் கழுவும் ஆள் கூலி மிச்சமாகி அவருக்கு 700, டம்ளர்க்காரருக்கு 350. பக்கத்துக் கடை எதைச் செய்தாலும் கப்புக்குத் தாவினால் 100 ரூபாய் கூடுதல். ஆகவே இது கைதிகளின் இக்கட்டுதான்.

கப் கொடுக்கும் கடையைப் பார்த்து முகம் சுளித்து நகர்ந்துவிடும் வாடிக்கையாளர்கள் என்றால் அந்த 700, 550 ஆகலாம். மற்ற மூன்று எண்களும் அப்படியே. ஆனால் ஆட்டமே மாறிவிட்டது. இதை மான் வேட்டை என்பார்கள். அவர் டம்ளர் என்றால் எனக்கும் டம்ளரே லாபம், அவர் கப் என்றால் எனக்கும் கப். இங்கே அபராதம் வீண் செலவு. இருவரும் ஒரே தேதியில் மாறுவார்கள் என்ற உறுதி இருந்தால் போதும்.

அடுத்தது, "தினமும் முகம் பார்ப்பவர்கள், தானாகவே சரியாகிவிடும்" என்ற வாதம். பாதி உண்மை. முதலில் போட்ட எண்களின் (ஒருவர் மட்டும் கப் கொடுத்தால் 700) அட்டவணைப்படி, ஒருமுறை ஏமாற்றியவருக்குப் பக்கத்துக் கடை இனி என்றும் கப்பாலேயே பதில் சொல்லும் என்றால், கணக்கு (700 − 600) ÷ (700 − 450) = 0.4. நாளைய ஒரு ரூபாயை இன்று 40 காசுக்காவது மதிப்பவர் ஏமாற்ற மாட்டார். நிரந்தரக் கடைக்காரர் யாரும் இதைத் தாண்டிவிடுவார். பிறகு ஏன் கரை நாறுகிறது? கடைகள் இரண்டல்ல, நாற்பது. மணலில் கிடக்கும் கப்பில் கடைப் பெயர் இல்லை. கோபத்தில் நானும் கப்புக்கு மாறினால் அடி விழுவது ஒழுங்காக இருந்தவர்கள் மேலும்தான். இருவர் சூத்திரத்தை நாற்பது பேருக்கு நீட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. கப்பில் கடைப் பெயர் அச்சிட வைப்பதோ, பாட்டிலுக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தருவதோ இங்கே வேலை செய்யும். 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தது இந்த வகைதான்.

வேளாங்கண்ணியில் கதை வேறு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் கடை போட வருபவருக்குக் கடைசி நாள் எது என்று முதல் நாளே தெரியும். கடைசி நாளில் ஒழுங்குக்குப் பலன் இல்லை, அதனால் அதற்கு முந்தைய நாளிலும் இல்லை. இப்படியே பின்னோக்கி அவிழ்ந்து முதல் நாள்வரை வந்துவிடும். கூட்டம் போட்டு வேண்டுகோள் விடுப்பது இவர்களிடம் எடுபடாது. இடம் ஒதுக்கும்போதே பிணைத்தொகை வாங்கி, 9ஆம் தேதி இடத்தைப் பார்த்தபின் திருப்பித் தர வேண்டும்.

"அரசு" என்று ஒரே ஆட்டக்காரரை அட்டவணையில் எழுதுவதும் தவறுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் கட்டடம் தொல்லியல் துறையிடம், வழிபாட்டு நிர்வாகம் அரண்மனை தேவஸ்தானத்திடம், வெளித்தெரு மாநகராட்சியிடம். ஒருவர் செய்தால் மற்றவருக்குச் செலவு மிச்சம் என்பதால் இவர்களுக்குள்ளேயே ஒரு தனி ஆட்டம் ஓடுகிறது.

அபராதத்துக்கு வருவோம். தொகையை மட்டும் பார்க்கிறார்கள், பிடிபடும் வாய்ப்பைப் பெருக்குவதில்லை. ஏமாற்றினால் நாளுக்கு 100 ரூபாய் லாபம், சோதனை 20 நாளுக்கு ஒருமுறை என்றால், அபராதம் 2,000 ரூபாயைத் தாண்டினால்தான் உறைக்கும். 500 என்று வைத்தால் அதைக் கப் விற்பதற்கான உரிமக் கட்டணமாகத்தான் கடைக்காரர் எழுதிக்கொள்வார். சோதனைக்கு வருபவரிடம் 200 ரூபாயில் விஷயம் முடிந்துவிடும் என்றால், அட்டவணையில் அவருக்கும் ஒரு வரிசை போட்டுக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.